கேட்பவரின் கடமை

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் ஆண்டு வருமானம், அம்மாவின் படிப்பு, குழந்தையின் ரத்த வகை, வீட்டில் பேசும் மொழி எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வரும். குழந்தைக்குக் கற்றல், நடத்தை சார்ந்த சிறப்புத் தேவை ஏதேனும் உண்டா? எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ என்றால் விவரம் எழுத ஒன்றரை வரி இடம். கோவையிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்த வருஷம் நாங்கள் வாங்கிய ஏழு படிவங்களில் ஐந்தில் இந்தக் கேள்வி இருந்தது. அந்தக் கட்டத்தில் உண்மையைக் குறிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டா? பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடித்து ஐந்தாவது போக வேண்டும். ஏழு வயதில் அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருப்பதை மருத்துவர் உறுதி செய்திருந்தார். தமிழில் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்று நீளமாகச் சொல்கிறார்கள். வீட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. சட்டை போடப் போனவன் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ஜன்னலில் எறும்பு போவதைப் பார்த்தபடி நிற்பான். கணக்கில் விடை சரியாக இருக்கும், கேள்வி எண் மாறியிருக்கும். வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பான், கால் மட்டும் நிற்காது. இதெல்லாம் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதானே என்பார்கள். ஆமாம். எத்தனை தடவை, எத்தனை நாளாக, எத்தனை இடத்தில் என்பதில்தான் வித்தியாசம்.

மருத்துவர்கள் அந்த வித்தியாசத்தை அளப்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்பு சார்ந்த ஒன்பது அறிகுறிகள் என்று இரண்டு பட்டியல்கள். ஏதாவது ஒரு பட்டியலில் ஆறு அறிகுறிகளாவது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு இடங்களில் தென்பட வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த இரண்டாவது இடம் பள்ளிதான். வீட்டில் பார்த்ததை நாங்கள் சொன்னோம், வகுப்பில் பார்த்ததை ஆசிரியை ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்தார். அப்படித்தான் அந்த இரண்டு பக்க அறிக்கை உருவானது. அதாவது இந்தக் கண்டறிதலில் பாதி, ஒரு பள்ளி கொடுத்த சாட்சியம். அதையே இன்னொரு பள்ளியின் வாசலில் நீட்டுவதா வேண்டாமா என்பதுதான் எங்கள் குழப்பம்.

வீட்டில் மூன்று கட்சி. மாமியார் மறைக்கச் சொன்னார். “ஏம்மிணி, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியோணுமா? இவங்கப்பனுந்தான் ஒரு எடத்துல உக்காரமாட்டான். இன்னைக்கி பேங்க்ல மேனேஜரா இல்லியா?” அவர் வாதத்தில் பாதி அறிவியல்ரீதியாகவே சரி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. ஆனால் அந்தக் காலத்துக் கிராமத்துப் பள்ளியில், மத்தியானம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து படித்த பையனும், மூடிய அறையில் எட்டுப் பாடவேளை உட்கார வேண்டிய பையனும் ஒரே சோதனையை எழுதவில்லை.

கணவர் எழுதச் சொன்னார். “மறைச்சு சேத்துட்டு ஒரு மாசத்துல தெரிஞ்சா? நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவனத்தான் ஏமாத்துக்காரன் மாதிரி பாப்பாங்க.”

எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. அதுதான் பிரச்சினை.

இந்தக் குறைபாட்டின் வரலாற்றைப் பார்த்தால் மாமியாரின் பயத்துக்குக் காரணம் கிடைக்கும். 1798-இலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றில் மனதை நிறுத்த முடியாத நிலையைப் பற்றித் தன் நூலில் எழுதினார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் எந்தக் குறையும் இல்லாமல் தன்னைக் கட்டுப்படுத்த மட்டும் முடியாத குழந்தைகளை விவரித்தார். இன்றைய வரையறையின் முன்னோடியாக அதைத்தான் சொல்கிறார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை. அவர் மருத்துவராகத்தான் பேசினார், குழந்தைகளைத் திட்டவில்லை. ஆனாலும் ‘ஒழுக்கம்’ என்ற சொல் அங்கே ஒட்டிக்கொண்டது. ‘ஏ.டி.ஹெச்.டி.’ என்ற பெயர் வந்தது 1987-இல்தான். பெயர் மாறி இத்தனை வருஷம் கழித்தும், மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தை என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் மகனின் கோவை டைரி முழுக்கச் சிவப்பு மை, டி.சி.யில் நடத்தை ‘நன்று’. இரண்டையும் எழுதியது ஒரே பள்ளி. ஒரு குழந்தையைப் பற்றி ஒரு சொல்லில் எழுதச் சொன்னால் யாராலும் உண்மை எழுத முடியாது என்பதற்கு அந்தச் சான்றிதழே சாட்சி.

பொய் கூடவே கூடாதா என்பது பழைய சண்டை. பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட், உண்மையைப் பெற உரிமை உள்ளவருக்குத்தான் உண்மை சொல்லும் கடமை உண்டு என்றார். அதற்குப் பதிலாக 1797-இல் காண்ட் எழுதிய சிறு கட்டுரை தத்துவ வகுப்புகளில் இன்றைக்கும் அடிபடுகிறது. கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார் காண்ட். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வேறு பக்கம் நிற்கிறார். அவருக்கு வாய்மை என்பது யாருக்கும் தீங்கு வராத சொல். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் அந்த இடத்தில் வைக்கலாம் என்கிறார்.

எங்கள் நிலைமையில் வாசல் தலைகீழாக இருந்தது. தட்டுவது நாங்கள், கேட்பது உள்ளே இருப்பவர். அவர் கொலைகாரர் இல்லை. தன் பள்ளியை ஒழுங்காக நடத்த நினைக்கும் சாதாரண மனிதர். கான்ஸ்டன்ட் சொன்ன அளவுகோலை எடுத்துக்கொண்டால் கேள்வி இப்படி மாறுகிறது: இந்த உண்மையைப் பெற அவருக்கு உரிமை உண்டா? உண்டு என்றால் அது எங்கிருந்து வருகிறது?

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் 21 குறைபாடுகள் கொண்ட பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. பெயர் சொல்லி இல்லை. பள்ளிக்கு அது நிராகரிக்கும் அளவுக்குப் பெரிய விஷயம், சட்டத்துக்குப் பெயர் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. எங்கள் மகன் அந்த இடைவெளியில்தான் நிற்கிறான்.

முதல் இரண்டு படிவங்களில் ‘ஆம்’ என்று குறித்து, அறிக்கையின் நகலையும் இணைத்தோம். ஒரு பள்ளியில் ‘கூப்பிடுகிறோம்’ என்றார்கள். கூப்பிடவில்லை. இன்னொன்றில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அதே வாரம் அதே வகுப்பில் எங்கள் அடுக்ககத்துப் பெண் குழந்தைக்கு இடம் கிடைத்தது. மூன்றாவது பள்ளியின் வரவேற்பறையில் ‘எல்லாரையும் உள்ளடக்கிய கல்வி’ என்று பெரிய பலகை. எல்லாம் உண்டு என்றார்கள். பேசிக்கொண்டே போனபோது, பையனுக்கு ‘ஷேடோ டீச்சர்’ ஒருவரை நாங்களே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும், அவர் லீவு போட்டால் அன்று பையனும் லீவு என்று தெரிந்தது. நான்காவது இடத்தில் ஒரு அம்மா மெல்லிய குரலில், “எங்ககிட்ட இந்த மாதிரிப் பசங்க இல்ல மேடம்” என்றார். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். ‘இல்லை’ என்று ஒரு பள்ளி சொன்னால், யாரும் சொல்லவில்லை அல்லது யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கேள்வியே கேட்காத வாசலும் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியர் “டி.சி.யக் கொண்டாங்க, நாளைக்கே சேத்துக்கறேன்” என்றார். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார் என்றும் சொன்னார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எந்த மாநிலத்துக்கு மாற்றல் வரும் என்று தெரியாத வேலை என்பதால் நாங்கள் சி.பி.எஸ்.இ.யை விட முடியவில்லை. ஆனால் அந்தத் தலைமையாசிரியரின் பதில் என் மனதில் நின்றது. அவருக்குச் சேர்ப்பது கடமை. அதனால் வாசலில் அவருக்குக் கேள்வி தேவைப்படவில்லை. உள்ளே வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

யோசித்துப் பார்த்தால், மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று நாங்கள் எத்தனையோ பேரிடம் தயங்காமல் சொல்லியிருக்கிறோம். அவன் தினம் காலையில் எடுத்துக்கொள்ளும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து ‘எக்ஸ்’ அட்டவணையைச் சேர்ந்தது. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஒன்றை வாங்கி இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். சென்னையில் அந்த மருந்து வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடித்ததும், முன்பின் தெரியாத ஒருவரிடம் மகனின் பெயரும் நோயும் எழுதிய தாளைக் கொடுத்தேன். எனக்கு ஒரு நொடியும் கூசவில்லை. ஏனென்றால் அந்தத் தாளை வாங்கியதும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மருத்துவரும் அப்படித்தான், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, கேட்டபின் சிகிச்சை தர வேண்டும். இவர்கள் கேட்கும்போது கேள்வியோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது.

சேர்க்கை மேசையில் அமர்ந்திருப்பவர் கேட்கும் அதே கேள்வியோடு எதுவும் வருவதில்லை. ‘ஆம்’ என்றால் பள்ளி என்ன செய்யும் என்று படிவத்தில் ஒரு வரியும் இல்லை. சி.பி.எஸ்.இ.யின் இணைப்பு விதிகள் பள்ளியில் சிறப்புக் கல்வியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. ‘உண்டு எனில் எங்கள் சிறப்புக் கல்வியாளர் உங்களைச் சந்திப்பார்’ என்று அதே ஒன்றரை வரியில் அச்சிட்டிருந்தால் அது வேறு கேள்வி ஆகியிருக்கும். கேட்கும் உரிமை, கேட்டபின் செய்ய ஒப்புக்கொள்ளும் கடமையிலிருந்துதான் பிறக்கிறது என்று அங்கேதான் எனக்குத் தெளிவானது.

ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு ‘இல்லை’ என்ற கட்டத்தில் நிம்மதியாகக் குறித்துவிட முடியுமா? முடியாது. ஏனென்றால் பள்ளி என்பது ஒரு ஆள் இல்லை. சேர்க்கை மேசைக்குப் பின்னால் வகுப்பாசிரியை இருக்கிறார். கோவையில் மகனின் ஆசிரியை ஒருமுறை என்னிடம் சொன்னார்: “உங்க பையன் மேல எனக்குக் கோபம் இல்லீங்க. நாப்பத்திரண்டு பேரு, நான் ஒருத்தி. இவனக் கவனிக்கற நேரத்துல அந்த நாப்பத்தோரு பேரு என்ன பாவம் செஞ்சாங்க?” இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. மற்ற பெற்றோருக்கும் நியாயம் உண்டு. ஆனால் மறைப்பதால் அந்த நாற்பத்தோரு பேருக்கும் நன்மை இல்லை. காரணம் தெரியாத ஆசிரியை, கூப்பிட்டும் திரும்பாத பையனைத் திமிர் பிடித்தவன் என்றுதான் நினைப்பார். அவன் பெயரை அதட்டிக் கூப்பிடுவதிலேயே வகுப்பின் நேரம் போகும். தெரிந்தால் தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். வாசலில் இருப்பவரிடம் சொல்வதால் கதவு மூடுகிறது, வகுப்பில் இருப்பவரிடம் சொல்லாததால் குழந்தை அடி வாங்குகிறது. கொடுமை என்னவென்றால் படிவம் வாசலோடு நின்றுவிடும். கோப்புக்குள் போன தாளை வகுப்பாசிரியை பார்ப்பதே இல்லை.

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் களங்கம் பற்றி எழுதிய நூலில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். பார்த்ததும் தெரிந்துவிடும் களங்கம் உள்ளவர்களின் பிரச்சினை, எதிரில் இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிப்பது. வெளியே தெரியாத களங்கம் உள்ளவர்களின் பிரச்சினை வேறு. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று ஒவ்வொரு நாளும் தீர்மானிப்பது. அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. இதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது நாங்கள் மூன்று பேர். விஷயம் நான்காவது ஆளுடையது.

அவனிடம் கேட்டேன். லாரியில் ஏற்ற அட்டைப்பெட்டிகளில் அவன் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்: “அங்க யாருக்கும் என்னத் தெரியாதுல்லம்மா. நான் புதுசா இருக்கலாம்ல?”

இடம் மாறுவது எங்களுக்குச் சிரமம், அவனுக்கு ஒரு வாய்ப்பு. நான்கு வருஷச் சிவப்பு மை இல்லாத ஊர். ஒரு ஒன்பது வயதுப் பையனுக்குத் தன்னை முதலிலிருந்து அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆசை இருக்கிறது. அவனுக்கு முன்னால் அவனுடைய அறிக்கை அங்கே போய்ச் சேர்ந்தால் அந்த ஆசைக்கு இடமே இருக்காது. நான்கு எழுத்துகள் தெரிந்ததும் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், பார்க்க வேண்டியதுதான் தெரிந்துவிட்டதே. கவனக்குறைவு என்று நாம் பேசுவது எப்போதும் குழந்தையின் குறை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், பள்ளிப் படிப்பின் உண்மையான பயனே கவனத்தைப் பழக்குவதுதான் என்றார். அவர் சொன்ன கவனம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்காருவது இல்லை. எதிரில் இருக்கும் இன்னொரு மனிதனை, அவனுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கும் திறன். அந்தக் கவனம் எத்தனை பெரியவர்களிடம் இருக்கிறது?

மிச்சமிருந்த மூன்று படிவங்களில் ஒன்றில் அந்தக் கேள்வியே இல்லை. மற்ற இரண்டிலும் எந்தக் கட்டத்திலும் குறிக்கவில்லை. ஒன்றரை வரியில் ‘நேரில் பேச விரும்புகிறோம்’ என்று எழுதினோம். பொய் சொல்லாமல் இருப்பதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதும் ஒன்றல்ல, இதைக் காண்டே ஒப்புக்கொள்வார். நேரில் போனபோது முதலில் நாங்கள் கேட்டோம். வகுப்பில் எத்தனை பேர், ஒரு பையன் நடுவில் எழுந்து நடந்தால் என்ன செய்வீர்கள், தேர்வில் கேள்வியை இரண்டாம் முறை படிக்க விடுவீர்களா? பதிலைக் கேட்டபின் சொல்வது என்று முடிவு. ஒரு பள்ளியில் பதில்கள் கேட்டு எழுந்து வந்துவிட்டோம், சொல்லவே தேவைப்படவில்லை.

கடைசியில் சேர்த்த பள்ளி பெரிய பள்ளி இல்லை. விளையாட்டு மைதானம் என்று சொல்வது கார் நிறுத்தும் இடம்தான். நாங்கள் சொன்னதும் முதல்வர் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்காங்க, ஆனா வருஷா வருஷம் ஆள் மாறிடுறாங்க. சம்பளம் பத்தல. பெருசா செஞ்சு தருவோம்னு எதிர்பார்க்காதீங்க. ஆனா வெளில அனுப்ப மாட்டோம்” என்றார். ஏழு பள்ளிகளில் தன் குறையைச் சொன்ன பள்ளி அது ஒன்றுதான். நாங்கள் சொன்ன உண்மைக்கு அவர் ஒரு உண்மையைத் திருப்பித் தந்தார். அங்கேயே பணம் கட்டினோம்.

வகுப்பாசிரியையிடம் சொல்வதற்கு முன் மகனிடம் பேசினோம். ‘புதுசா இருக்கலாம், ஆனா அவங்களுக்கு உன்னப் புரியணும்ல’ என்று ஆரம்பித்து ஒரு வாரம் நடந்த பேரம். அறிக்கையைக் காட்டக் கூடாது, பசங்களுக்குத் தெரியக் கூடாது, மிச்சத்தைத் தானே சொல்வான் என்று முடிந்தது. போய் நின்று மூன்று விஷயம் சொன்னான்: “ஜன்னல் பக்கம் வேணாம் மிஸ். ஒரு தடவ கூப்பிட்டா எனக்குக் கேக்காது, வேணும்னு பண்ணல. நடுவுல தண்ணி பிடிச்சுட்டு வர விடுங்க.” எந்த மருத்துவ அறிக்கையிலும் இல்லாத மூன்று குறிப்புகள். அந்த ஆசிரியைக்கு வேண்டியதும் அவைதான். இந்தக் கட்டுரையை எழுதவும் அவனிடம் கேட்டேன். என் பேரும் ஸ்கூல் பேரும் கூடாது என்றான். அதனால்தான் இதில் பெயர்கள் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டைரியில் சிவப்பு மை இப்போதும் வருகிறது. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஆசிரியையே போன் செய்தார். “மேடம், இன்னைக்கு என்னால முடியல. அவனப் பார்த்துக் கத்திட்டேன். நீங்க அவன் சொல்லித் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.” அவன் வீட்டில் அதைச் சொல்லவே இல்லை. கேட்டபோது, “ஆமா, மிஸ் கத்துனாங்க. நானும் நாலு தடவ எந்திரிச்சுட்டேன்” என்றான்.

அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருவார்கள். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று மறுபடி உட்கார வேண்டும். “நானே பாத்துக்கறேன்” என்கிறான். சிலரிடம் சொல்வான், சிலரிடம் சொல்லாமலும் இருப்பான் என்று நினைக்கிறேன். சொல்லப்படுகிறவர் அதை வாங்கி என்ன செய்வார் என்று எடைபோட அவன் இப்போதே கொஞ்சம் கற்றிருக்கிறான். ஒன்பது வயதில் அதைக் கற்க நேர்ந்ததில் எனக்கு வருத்தம்தான்.